விமானக் கல்லுக்கு வைத்த சுருட்டு

இது கட்டுக்கதை இல்லை. கதை விடுகிற வயதும் காளியப்பனுக்கு இல்லை, தெம்பும் இல்லை. 1934-ல், மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பட்டப்பகலில் நடந்தது.

தோட்டத்து ஓரத்தில் ஒரு கல்தூண் நின்றது. விமானம் என்பதே புதிதாக இருந்த காலத்தில் அங்கே விழுந்து செத்த இரண்டு வெள்ளைக்காரர்களின் பேரை அதில் வெட்டியிருந்தார்கள். துரைமாருக்கு அது நினைவுச் சின்னம். நம் சனங்கள் சும்மா விடுவார்களா? அகாலத்தில் போன உயிர், வெள்ளைக்கார முனி என்று முடிவுகட்டிவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் செத்தவர்களுக்கு ஆளுக்கொன்றாக இரண்டு சுருட்டுக் கொளுத்தி வைத்துக் கும்பிடுவார்கள்.

காளியப்பனின் மகள் செல்லத்துக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரி மருந்தும் கேட்கவில்லை. ஒன்பது ராத்திரி கண் மூடாதவன், விடியற்காலை ரப்பர் பால்வெட்டுக்கும் போய்விட்டு, காலை இழுத்துக்கொண்டு கல்லுக்கு வந்து சேர்ந்தான். தோட்டத்துச் சங்கு ஊதியது. மணி சரியாகப் பன்னிரண்டு.

இரண்டு சுருட்டைக் கொளுத்தி வைத்தான். கும்பிட்டான். எழுந்து நடக்க முடியவில்லை. தூணுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தனக்கென்று ஒன்றைப் பற்றவைத்தான்.

டிக்... டக்...

தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும் குப்பியை அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது. பெட்ரோல் வாடை வேறு.

காற்றே இல்லை. ஆனாலும் சருகு நொறுங்கியது... ஓர் அடி... இன்னோர் அடி...

டிக்... டக்...

இப்போது காதருகே.

"எனக்கு?"

தமிழ்! வெள்ளைக்காரன் பேய் தமிழ் பேசுமா?

ஓடக் காலில் உயிர் இல்லை. பயப்படக்கூட அலுப்பாக இருந்தது அவனுக்கு. திரும்பாமலே, வாயிலிருந்த சுருட்டை எடுத்துத் தோளுக்கு மேல் நீட்டினான்.

"இந்தாய்யா, புடிச்சுக்க. எம்புள்ளைய மட்டும் விட்டுரு."

விரல்கள் பட்டன. எண்ணெய்ப் பிசுக்கு...

சுருட்டு போய்விட்டது.

வீடு திரும்பினால், கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் மனைவி ராஜம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்துல வேர்த்துக் கொட்டிருச்சுங்க! கஞ்சி கேக்குறா!"

மறுநாள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மரியநாதனிடம் விசாரித்தான். விமானம் விழுந்த அன்று தோட்டத்தில் இருந்தவர் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு பேரு இல்லப்பா, மூணு. எஞ்சினுக்கு எண்ணெ போட சிங்கப்பூர்ல ஏத்திக்கிட்டு வந்த நம்ம தமிழாளு. கூலிக்காரன் பேரக் கல்லுல வெட்டுவாங்களா? தூணுக்குப் பின்னாலதான் பொதச்சோம்."

லயத்தில் வந்து இதைச் சொன்னான். பக்கத்து வீட்டு வெள்ளையம்மா, கையிலிருந்த முறத்தை மெல்லக் கீழே வைத்தாள். போன மாதம் இதே காய்ச்சலில் மகனைப் பறிகொடுத்தவள்.

"நான் ரெண்டுதானே வச்சேன், அண்ணே..." என்றாள்.