அக்கா இருக்கும்போதே பிரித்த சம்பங்கிக் கிழங்கு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் அக்காவின் தம்பி எழுதுவது. அக்காவின் நற்குணங்களைப் போதகர் ஐயா முன்பக்கத்தில் அழகாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே என் மனதில் கிடந்து உறுத்துவதைச் சொல்ல எனக்கு இடம் கிடைத்திருக்கிறது.

அக்கா பிறந்தது கொட்டாரத்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால், படிப்பு முடிந்த கையோடு மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார்கள். விடியுமுன் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. நான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காகக் காலம் தள்ளிவிட்டு ஊர் திரும்பியபோது, அக்கா ஓய்வு பெற்று, வீட்டுக்குத் தெற்கே சம்பங்கிப் பாத்தி போட்டிருந்தார்கள்.

சம்பங்கி ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் பூக்கும். ஆனால் கிழங்கு பெருகி மண்ணுக்கடியில் நெருக்கியடிக்கும்போது தோண்டிப் பிரித்து, நிழலில் சில வாரம் உலர்த்தி, மறுபடி நட வேண்டும். இல்லையென்றால் பூ சிறுத்துவிடும். இந்த வேலையில் அக்கா யாரையும் சேர்க்கமாட்டார்கள். நான் தண்ணீர் விட்டால்கூட, "லேய், பாத்தியில குளம் வெட்டுகியா?" என்று விரட்டுவார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் டீச்சர் டீச்சர்தான்.

அக்கா படுக்கையில் விழுந்தது, கிழங்கு பிரிக்க வேண்டிய வருடத்தில். ஜன்னல் வழியே பாத்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்: "மக்கா, நீ மண்ணத் தொடண்டாம். நான் எந்திச்சு வந்து பிரிக்கேன்."

டாக்டர் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, இனி வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் நான் மண்வெட்டியை எடுத்தேன். பூ சிறுத்துப்போயிற்று, மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அக்கா இனி எழுந்து வரமாட்டார்கள் என்று நான் முடிவு கட்டியதுதான் உண்மையான காரணம். என் மனைவி வாசலில் நின்று தடுத்தாள். "இப்பம் எதுக்கு? மைனிக்குக் கேக்கும்லா."

கேட்டது. நான் உள்ளே போனபோது அக்கா கண் திறந்திருந்தார்கள்.

"பிரிச்சிட்டியா?"

"ஆமாக்கா."

"இருக்கட்டு. வெயில்ல போடாத. எங் கட்டிலுக்கடியில பரத்தி வையி. அங்க காத்து உண்டு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று முதல் எழுந்து வருவதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. குடிக்கிற கஞ்சியும் பாதியாகக் குறைந்தது. நோயின் போக்கு அப்படித்தான் என்று டாக்டர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் டாக்டர் சொன்னதை அக்காவிடம் வாய் திறந்து சொல்லத் தைரியமில்லாத நான், அதை மண்வெட்டிச் சத்தத்தால் சொல்லிவிட்டேன். கடைசி நாட்களில் ஜன்னலுக்கு வெளியே அவர்கள் பார்த்தது வெறும் மண்ணைத்தான்.

அடக்கம் முடிந்த பிறகு நானும் மனைவியுமாகக் கிழங்கை நட்டோம். இப்போது தண்டு நீளமாக வந்து, பூவும் பெருத்திருக்கிறது. சரியான சமயத்தில் பிரித்திருக்கிறாய் என்று பார்த்தவர்கள் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடிவதில்லை.

வீட்டுக்கே வந்து ஜெபித்த சபைப் பெண்களுக்கும், அக்காவைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த டாக்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அடக்கத்தன்று தோவாளைச் சந்தைக்கு ஓடிப்போய்ப் பூ வாங்கி வந்த என் மைத்துனருக்குத் தனியாக ஒரு நன்றி. சபையில் யார் இறந்தாலும், சொல்லி அனுப்புமுன்பே அக்காவின் சம்பங்கி அந்த வீட்டுக்குப் போய்விடும். அக்காவின் பெட்டியில் வைக்க எங்கள் பாத்தியில் ஒரு பூ இல்லை. நான் தோண்டிவிட்டிருந்தேன்.