ஆடுகள் பரண் ஏறிய நாள்

வறண்டு கிடக்கும் எரியோட்டுப் பக்கம் மழை வந்தால் ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிடும். நான் மட்டும் பட்டியைப் பார்த்துப் பயப்படுவேன். எங்கள் செம்மறிகளை அடைத்த இடம் பள்ளம். இரண்டு நாள் மழைக்கே முழங்கால் சேறு. போன ஐப்பசியில் அந்தச் சேற்றில்தான் ஓர் ஆடு குட்டி போட்டது. நான் போய்ப் பார்ப்பதற்குள் குட்டி விறைத்துக் கிடந்தது. அதே ஆடு இந்த வருஷமும் நிறைசினை. போதாக்குறைக்குக் குளம்பு அழுகி நொண்டியது.

அதனால்தான் மேட்டில் பரண் கொட்டகை கட்டினோம். இடுப்பு உயரத்தில் மரச்சட்டம் அடித்த தளம், புழுக்கையும் மூத்திரமும் இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும். ஏறுவதற்கு ஒரு சாய்ப்பலகை. தச்சர் வேலை முடித்த மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் சும்மா விடுவேனா? பினாயில் ஊற்றித் தளத்தைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசலில் மாவிலை கட்டி, சூடமும் காட்டினேன். "வாங்கடி மகராசிகளா" என்று ஆடுகளைக் கூப்பிட்டேன்.

முன்னால் வந்த கிடா பலகையில் ஒரு காலை வைத்தது, மோந்து பார்த்தது, திரும்பிவிட்டது. ஒன்று திரும்பினால் செம்மறிக்கு வேறு புத்தி ஏது? மொத்தமும் பழைய பட்டிக்கே ஓடின. கடலைக்கொடியைக் காட்டினோம், இழுத்தோம், தள்ளினோம். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் கிழக்கே வானம் கறுத்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆட்டையும் திட்டினேன், வீட்டுக்காரரையும் திட்டினேன்.

அவர் பலகையில் உட்கார்ந்து சிரித்தார். "ஏ புள்ள, நீ உன் மூக்குக்குக் கழுவி வச்சிருக்க. அதுகளுக்கு இது ஆஸ்பத்திரி கணக்கா இருக்கு."

"அதுக்கு இப்ப என்ன செய்யணுங்குறீக?"

"பழைய பட்டிப் புழுக்கைய அள்ளியாந்து கொட்டு."

"காலையில இருந்து தேய்ச்சிருக்கேன். இடுப்பே விட்டுப் போச்சு."

"அப்ப நீயே போயி உள்ள படு."

பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. மேகத்தைப் பார்த்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பட்டி ஓரத்தில் காய்ந்து கிடந்த புழுக்கையைக் கூடை கூடையாக அள்ளிவந்து, மஞ்சள் தெளித்த தளத்தில் என் கையாலேயே இறைத்தேன். ஆடுகள் இடுக்கைக் கண்டு மிரளாமலும் புழுக்கை கீழே விழாமலும் இருக்க முதலிலேயே சாக்கும் விரித்திருந்தோம். கிடா மறுபடி வந்து மோந்தது. மாவிலையை எட்டிக் கடித்துக்கொண்டே உள்ளே போனது. பின்னாலேயே மற்றவை தடதடவென்று ஏறின. நொண்டி ஆட்டை மட்டும் அவர் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டார். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

விடிந்தும் விடவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பழைய பட்டி குளமாகக் கிடந்தது. பரணில் அந்த நொண்டி ஆடு ஒரு குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. குட்டி காலைப் பரப்பி எழுந்தது, விழுந்தது, திரும்ப எழுந்து மடியைத் தேடியது. தொட்டுப் பார்த்தேன். உடம்பு சூடாக இருந்தது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொட்டகையின் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. பெய்யட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.