மாற மறுத்த மீன்

போன வாரம் நான் தாத்தா ஆனேன். பேத்தியைப் பெற்றுத் தந்த என் மருமகளைப் பற்றிப் பத்துப் பேரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பெரிய லாண்டரி ஒன்றில் அவளுக்கு இஸ்திரி வேலை. சாப்பாட்டு நேரத்தில் அங்கே எல்லோரும் விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடும் வீடியோ கேம் ஆடுவார்கள். அவள் வைத்திருந்தது அந்த விளையாட்டிலேயே சோப்ளாங்கியான சிவப்பு மீன். பிடித்த புதிதில் சும்மா துள்ளும், அவ்வளவுதான். வளர்ந்தால் அது பெரிய கடல்நாகமாக மாறிவிடும். மாறப்போகும் ஒவ்வொரு முறையும் இவள் பொத்தானை அமுக்கித் தடுத்துவிடுவாள்.

பிரசவ விடுப்புக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் தன் நாகத்தோடு வம்புக்கு வந்தார். தோற்றவர் தன் பிராணியை ஒரேயடியாக விட்டுவிட வேண்டும் என்று பந்தயம்.

“என்னம்மா, மீனை வறுத்துடவா?”

“முதல்ல பிடிங்கண்ணே, அப்புறம் அடுப்பைப் பத்த வைக்கலாம்.”

மீன் முட்டி முட்டி நாகத்தைப் பாதி சோர்வாக்கியது. அதற்குள் அதன் உயிரும் நூலிழைக்கு வந்துவிட்டது. சாப்பாடு கொண்டுபோன நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஆனால் அந்த மீனிடம் ஓர் அடி உண்டு. உயிர் குறையக் குறைய அதன் பலம் கூடும். அதற்காகவே காத்திருந்தவள் அப்போது அடித்தாள். நாகம் சுருண்டது.

“சரி, ஜெயிச்சிட்ட. இனிமேலாவது அதை நாகமா மாற விடும்மா.”

“எதுக்கு? இதுக்கு என்ன குறைச்சல்? நீங்க உங்க நாகத்தை விடுங்கண்ணே.”

 எல்லோரும் பார்க்க, சூப்பர்வைசர் விட்டார்.