எண்பது என்று எழுதியது யார்

ஆரணியில் ஒரு புடவைக் கடையின் மாடியில்தான் எங்கள் அலுவலகம். நெசவாளர்கள் கொண்டுவரும் புடவை டிசைனை தறிமேல் பூட்டும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு கருவிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் மென்பொருளை அங்கே எழுதுகிறோம். எந்த வரிசையில் எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை எங்கள் புரோகிராம் கணக்குப் போட்டு ஒரு பென் டிரைவில் கொடுக்கும். தறியில் அதைச் செருகினால் போதும். அப்போது முதலாளி ஒருவர், நான், பிறகு புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். மூன்றே பேர்.

அவள் சந்தவாசலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா இல்லை. அம்மா கழனி வேலைக்குப் போகிறவர். அந்த வீட்டில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். அதிகம் பேசமாட்டாள். மேஜை மட்டும் எப்போதும் துடைத்துவைத்தது போல இருக்கும்.

நான் அதற்கு நேர்மாறு. கோப்புகளுக்கு நான் வைத்த பெயர்களை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பார்டர்_நியூ, பார்டர்_நியூ2, பார்டர்_நியூ2_லாஸ்ட். அவள் வந்து ஆறு மாதம் கழித்து ஒரு நாள், "அண்ணா, இதுக்கெல்லாம் ஒழுங்கா பேர் வெக்கட்டுமா? எது எதுன்னே தெரியல" என்றாள். வைத்துக்கொள் என்றேன். இரண்டே நாளில் எல்லாவற்றுக்கும் ஒழுங்கான பெயர் வந்துவிட்டது. கோப்புகளுக்கு உள்ளேயும் கோணலாகக் கிடந்த வரிகளை இடைவெளி விட்டு நேராக்கியிருந்தாள். முதலாளி பார்த்துவிட்டு, "இப்பதான்பா பாக்கவே நல்லா கீது" என்று என்னிடமே சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, எங்களிடம் வழக்கமாக வரும் நெசவாளர் ஒருவர் மத்தியானம் மாடி ஏறி வந்தார். கையில் துணிப் பையில் சுற்றிய ஒரு கல்யாணப் புடவை. மேஜைமேல் விரித்து, பார்டரைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் சரிகை இழை பிடிப்பே இல்லாமல் விரல் கணு நீளத்துக்குத் தொங்கியது. வளையல் பட்டால் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

"மூணு தறியிலயும் இதே டிசைன்தான் ஓடிச்சி. மூணும் இப்படியே. கடைக்காரர் ஒண்ணுகூட எடுத்துக்கல. கல்யாண வூட்டுக்காரங்க வேற எடம் போயிட்டாங்க" என்றார். சத்தம் போடவில்லை. புடவையை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்தார்.

சரிகை எட்டு இழைக்கு மேல் பிடிப்பில்லாமல் ஓடினால் நடுவில் ஒரு கட்டு போட வேண்டும். புரோகிராமில் அதற்கு ஒரு வரி உண்டு. அந்த வரியைத் திறந்து பார்த்தேன். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் எண்பது இருந்தது. சின்னப் பூக்கள் வந்த டிசைன்களில் அது வெளியே தெரியவில்லை. இந்த முறைதான் அகலமான பார்டர்.

"யாரு பண்ண வேல இது?" என்று முதலாளி கேட்டார்.

எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் ஏற்பாடு எங்களிடம் இருக்கிறது. அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். எல்லா வரிகளுக்கும் எதிரில் அவள் பெயர். கோப்பின் வரலாறே அவள் பெயர் மாற்றிய நாளில்தான் தொடங்கியது. திரையை முதலாளி பக்கம் திருப்பினேன்.

அவள் எழுந்து வந்து பார்த்தாள். "நான் பேர்தான் சார் மாத்தினேன். வரிய நேராக்கினேன். நம்பர் எதையும் தொடல. எண்பது முன்னாடியே இருந்திச்சி."

"இங்க உன் பேருதானேம்மா காட்டுது?"

"தெரியல சார். ஆனா நான் தொடல." பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணா, பழைய ஃபைல எடுத்துப் பாருங்களேன்."

பார்த்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. பெயர் மட்டும் மாறினால், வரலாற்றைக் காட்டும் அந்த ஏற்பாடு பழைய பெயரைக் கண்டுபிடித்துவிடும். பெயரும் மாறி, உள்ளேயும் பாதிக்கு மேல் மாறியிருந்தால், பழையது அழிந்தது, புதிதாக ஒன்று பிறந்தது என்று எழுதிக்கொள்ளும். இடைவெளி மாறியதும் மாற்றம்தான் அதற்கு; மாற்றியவர் பெயரே எல்லா வரிக்கும் எதிரில் வந்துவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? ஆனால் நெசவாளர் நின்றுகொண்டிருந்தார், முதலாளி முகம் சிவந்திருந்தது, திரையில் இருந்த பெயர் என்னுடையது இல்லை. "ரெக்கார்டுல இருக்கறததான் நான் சொல்ல முடியும்" என்றேன்.

அன்றே எண்பதை எட்டாக மாற்றிவிட்டேன். அவள் அந்த மாதக் கடைசி வரை வந்தாள். பிறகு வரவில்லை. முதலாளி போகச் சொன்னாரா, அவளே நின்றுவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

நான்கைந்து மாதம் கழிந்தது. வேறொரு நெசவாளர், போன வருடம் ஓட்டிய டிசைன் இப்போது வேறு மாதிரி விழுகிறது என்றார். பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிட வேண்டியிருந்தது. அன்று காலை உட்கார்ந்து, பழைய பதிப்பில் பழைய பெயர், அவள் பெயர் மாற்றிய நாளின் பதிப்பில் புதிய பெயர் என்று இரண்டையும் கையால் எழுதிக் கொடுத்து, இடைவெளியைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லி ஓட்டினேன். நானூறு வரிக் கோப்பு. வித்தியாசம் என்று வந்தது ஒரே வரி. மேலே கோப்பின் பெயரை எழுதியிருந்த வரி.

எண்பது இரண்டிலும் இருந்தது.

பழைய பெயரிலேயே இன்னும் பின்னால் போனேன். அவள் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டு போய் எண்பது வந்த இடம். எதிரில் என் பெயர். பக்கத்தில் நானே எழுதிய குறிப்பு: சும்மா டெஸ்ட், அப்புறம் மாத்தணும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி எனக்கு ஒன்றுமே நினைவில்லை. வீட்டில் நோய் இல்லை, சாவு இல்லை, சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. மறந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் பிடுங்கிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடிகள் குவிந்திருந்தன. அம்மாவும் மகளும் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து, "ஆபீஸ்காரருங்களா, உக்காருங்க" என்று நாற்காலி போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். அவள் எழுந்திருக்கவில்லை.

"எண்பது நான் போட்டதுதாம்மா" என்றேன். "இப்பதான் பார்த்தேன்."

அவள் கை நிற்கவில்லை. "எங்கிட்ட எதுக்குண்ணா சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே." அடுத்த செடியை எடுத்துக்கொண்டு, "சார்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கவில்லை. முதலில் அவளிடம் வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கே புரிந்தது. பரவாயில்லை, விடுங்க என்று அவள் சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் இப்போது ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் இருப்பதாகவும், விடியற்காலையில் கம்பெனி பஸ் ஊருக்கே வருவதாகவும் தண்ணீரோடு வந்த அம்மாதான் சொன்னார். திரும்பி வா என்று கேட்டேன்.

"வேணாண்ணா. அங்க வந்தா தினமும் உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாக்கணும்."

அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று தயாராகத்தான் போனேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எப்பவோ நடந்தத இப்ப எதுக்குப் பேசிகினு? நீயும் போயிட்டா இத யாரு பாக்கறது? உடுப்பா. கஸ்டமர்ங்க கிட்ட மட்டும் போய்ச் சொல்லிகினு இருக்காத, பேஜாராயிடும்." அவள் சொன்ன அதே விஷயத்தை அன்று அவர் நம்பவில்லை. நான் சொன்னதும் மன்னித்தே விட்டார்.

சில வாரம் கழித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில், கல்யாணப் புடவை கொண்டுவந்த அந்த நெசவாளரைப் பார்த்தேன். அவரே எனக்கும் ஒரு டீ சொன்னார். "அந்தப் பொண்ணு போனதுல இருந்து டிசைன்லாம் சுத்தமா விழுது சார்" என்றார்.

"அது அந்தப் பொண்ணு தப்பு இல்லீங்க. நான் பண்ணது. தப்பான நம்பர் போட்டது நான்தான்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு என் தோளில் கை வைத்தார். "உங்களுக்கு நல்ல மனசு சார். வேலைய உட்டுட்டுப் போன பொண்ணு மேல பழி வேணாம்னு பாக்கறீங்க."

இல்லை, நிஜமாகவே நான்தான் என்று மறுபடியும் சொன்னேன். அவர் சிரித்தபடியே தலையாட்டினார். நான் கொடுக்கப் போன டீக்காசையும் தடுத்துவிட்டார்.