பிணத்தின் அடியில் இருந்த நாடகம்

எங்கள் ஆங்கில ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் துப்பறியும் சார். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் மூடியை உற்றுப் பார்ப்பார், யாராவது ஏற்கெனவே திறந்திருப்பார்களோ என்று. ஆசிரியர் அறையில் எதிர் நாற்காலி கணக்கு டீச்சரான என்னுடையது. கையும் களவுமாகப் பிடிபட்டவளைக்கூட யாரும் அவர் என்னைப் பார்ப்பதுபோலப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் மனிதரிடம் சரக்கு இருந்தது. முதலாம் எலிசபெத் ராணி காலத்து நாடகம் என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். அந்தக் கொலை, விஷம், பழிவாங்கல் எல்லாவற்றையும் கால் மணி நேரச் சிரிப்பு நாடகமாக்கிவிடுவார். விஷம் குடித்த ராஜா, "சர்க்கரை கம்மி" என்று குறை சொல்லிவிட்டுச் சாவார். சிரித்த பிள்ளைகள் மூல நாடகத்தைத் தேடி நூலகத்துக்கு ஓடுவார்கள்.

அப்படி ஒன்றை வேறொரு பள்ளி சுட்டு மேடையேற்றியது. அன்றோடு போயிற்று அவருடைய நம்பிக்கை. போதாக்குறைக்கு, நாடக வகுப்பை எடுத்துக் கணக்குக்குக் கொடுக்கலாமா என்று தலைமையாசிரியை யோசித்தார். ஆண்டு விழா நாடகத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். அந்த வகுப்பை நான் கேட்கவே இல்லை. யார் நம்பினார்கள்?

"டீச்சர், ஒத்திகை நடக்கிற பக்கம் அடிக்கடி வரீங்களே?"

"தண்ணி குடிக்க வந்தேன் சார். குழாய் இங்கதானே இருக்கு?"

"இருக்கட்டும், இருக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருட்டைத் தடுக்க அவர் பிடித்ததும் அந்தக் காலத்து வழிதான். அன்று நடிகர்களுக்கு முழு நாடகத்தையும் தரமாட்டார்களாம். அவரவர் வசனமும், அதற்கு முன் அடுத்தவர் சொல்லும் கடைசிச் சொற்களும் மட்டும். அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும் பேச வேண்டும். சாரும் பிள்ளைகளுக்கு அப்படியே துண்டு துண்டாகக் கொடுத்தார். ஒத்திகையும் தனித்தனியாக, கதவைத் தாழிட்டு. ராஜா வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டார். முதல் காட்சியில் செத்து, முழுப் பிரதியை அங்கிக்கு அடியில் வைத்துப் படுத்துவிட்டால் அதற்கும் காவல், எங்கள்மேலும் ஒரு கண்.

விழாவன்று திரை இழுக்கும் வேலை எனக்கு. ராஜா செத்து விழுந்தார். ராணி, "யார் அங்கே?" என்றாள். ராஜாவின் பேய் வேஷம் போட்ட பையன் வந்து புலம்பினான். மந்திரி பதில் பேசினான். ராணி மறுபடி, "யார் அங்கே?" என்றாள். இப்போது வரவேண்டியவன் காவலன். ஆனால் அதே சொற்களைக் கேட்ட பேய் முந்திக்கொண்டு வந்து அதே புலம்பலைத் தொடங்கியது. மந்திரி அதே பதிலைச் சொன்னான். ராணி அதையே கேட்டாள். பேய் மூன்றாம் முறையும் வந்தது. முதலில் விழுந்து விழுந்து சிரித்த கூட்டம் இப்போது நெளிந்தது. தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதை எப்படிப் போக வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் செத்துக் கிடந்தார்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அதே பார்வை. இதுவும் என் வேலைதான் என்று நினைத்திருப்பார். பிறகு வேறு வழியில்லாமல் புரண்டார். அங்கிக்குள்ளிருந்து பிரதி வழுக்கிக்கொண்டு என் காலடிக்கு வந்தது.

பிரித்துப் பார்த்தேன். விஷம் வைத்த மந்திரி இனிமேல்தான் என் மூக்குக்கண்ணாடி மாதிரியே ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அவன் அடுத்துப் பேச வேண்டியதோ நான் தினமும் வகுப்பில் சொல்வது: "கணக்குன்னா கணக்கா இருக்கணும்!" இதைத்தான் இவ்வளவு நாள் ஒளித்து வைத்திருக்கிறார். உடம்பெல்லாம் எரிந்தது. திரைக்கயிறு என் கையில்தான் இருந்தது. ஒரே இழுப்பு, நாடக வகுப்பு எனக்கு.

பிணத்தின் கண் இன்னும் மூடவில்லை. அதில் இப்போது பயம்தான் இருந்தது. பாவமாகிவிட்டது எனக்கு.

"காவலா, நீ போ!" என்று பக்கத்தில் நின்றவனை மேடைக்குள் தள்ளினேன். மந்திரிக்கு அந்த வசனத்தை என் குரலிலேயே எடுத்துக் கொடுத்தேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் கூரை அதிரச் சிரித்தார்கள்.

வகுப்பு தப்பியது. அடுத்த வருஷம் புது நாடகத்தை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"டீச்சர், நீங்கதான் பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுக்கணும். முழுசா இருக்கு."

புரட்டினேன்.

"சார், கடைசிப் பக்கத்தைக் காணோமே?"

"அது வீட்டுல பத்திரமா இருக்கு," என்றார்.