இடது கையில் ஈட்டி

பதினெட்டு வருஷமாகக் குதிரை, குதிரை, குதிரை! லாம்ப்சகோஸ் என்ற கிரேக்க நகரத்துப் பொன்காசின் பின்பக்கத்தில் எப்போதும் சிறகு முளைத்த அந்தப் பாதிக் குதிரைதான். முன்பக்கத்துக்குத்தான் ஒவ்வொரு தடவையும் புதுப் படம். அதை வெட்ட வெளியூர்க்காரனை வரவழைப்பார்கள். உள்ளூரில் அந்தக் குதிரைக்கு அச்சு வெட்டும் தெர்சிப்போஸுக்குக் குதிரையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை வெளியூர்க்காரனுக்குக் காய்ச்சல். காசுச்சாலை அதிகாரி பொலிதாஸ் வேண்டாவெறுப்பாக, "சரி, நீயே வெட்டித் தொலை. மண்டி போட்ட வீரன். வலது கையில ஈட்டி, இடது கையில கேடயம்" என்றார்.

ஒரு மாதம் சோறு தண்ணி பார்க்காமல் வெட்டினான். முகத்தை ஒரு நாள் களிமண்ணில் ஒற்றிப் பார்த்தான், முழங்காலை ஒரு நாள், விரல்களை ஒரு நாள். ஒவ்வொன்றும் அத்தனை அழகு. முழுசாக ஒற்றிப் பார்க்கத் தோன்றவில்லை, மடையனுக்கு!

படைக்குச் சம்பளம் போடும் நாள் காலையில், ஈயத்துண்டில் முதல் அடி அடித்தார்கள். ஈட்டி இடது கையில் இருந்தது.

அச்சில் வெட்டுவது காசில் இடவலம் மாறித்தான் விழும். கற்றுக்குட்டிக்கும் தெரியும். ஆனால் குதிரைக்கு ஏது ஈட்டியும் கேடயமும்? பதினெட்டு வருஷத்தில் அவனுக்கு அது மறந்தே போயிருந்தது.

"ஐயா, நாலே நாள் குடுங்க. வேற வெட்டித் தர்றேன். உங்க கால்ல விழறேன்!"

"கூலிப்படை வாசல்ல நிக்குது. நாலு நாள் கழிச்சு வாங்கன்னு நீ போய்ச் சொல்றியா? அடிங்கடா!"

"ஊரே சிரிக்கும்யா!"

"உன்னைப் பார்த்துத்தானே? சிரிச்சிட்டுப் போகட்டும்."

கூனிக்குறுகி வாசலில் போய் நின்றான் தெர்சிப்போஸ். திரேசியா நாட்டுச் சிப்பாய் ஒருவன் காசை வாங்கினான், கையில் எடை பார்த்தான், கடித்தான், கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டான். அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்தவனும். ஒருத்தனும் படத்தைப் பார்க்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. தாங்க முடியாமல் தெர்சிப்போஸ் ஒருவன் கையைப் பிடித்தான்.

"அண்ணே, அந்தக் காசுல ஒரு தப்பு இருக்கு."

சிப்பாய் பதறிப்போய்க் காசைத் துப்பினான். "என்னய்யா, கலப்படமா?"

"இல்லண்ணே. பொன்னு சுத்தம். அந்த வீரன்... ஈட்டியை இடது கையில பிடிச்சிருக்கான்."

சிப்பாய் எச்சிலைத் துடைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"அட, இதுல ஆளு வேற இருக்கானா?"

காசு திரும்பவும் கன்னத்துக்குள் போனது. உள்ளேயிருந்து பொலிதாஸ் கத்திக் கூப்பிட்டார். குதிரை அச்சில் விரிசல் விழுந்துவிட்டதாம்.