படலைக்குத் திரும்பி வந்த கட்டைகள்

நிந்தவூர்க் கடலோரத்தில் ஒரு வெறும் வளவு. சொந்தக்காரர் என்று சொன்ன வயதான காக்கா ஒருவரிடம், மூன்று மாதத்தில் வாங்குவதாக முத்திரை ஒட்டிய தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த ஒப்பந்தத்தையே கூடிய விலைக்கு இன்னொருவருக்குக் கைமாற்றுவதுதான் என் யாவாரம்.

வாங்க வருபவர்களுக்குக் காட்ட நாலு மூலையிலும் கட்டை அடித்தேன். மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வந்தால், அதே நாலு கட்டைகளும் சாய்ந்தமருதில் என் வீட்டு வாசல் படலையடியில் இருந்தன. மண் போகக் கழுவி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. திரும்பவும் கொண்டுபோய் அடித்தேன். அடுத்த நாளும் அப்படியே வந்து கிடந்தன. வளவுக்கு ஓடினேன். கட்டை அடித்த குழிகள்கூட இல்லை. யாரும் மிதிக்காத மாதிரி மணல் கிடந்தது.

வேலிக்கு அப்பால் ஒரு பெண் நின்றிருந்தார்.

"இது வாப்பா எனக்குக் கலியாணத்துக்குத் தந்த வளவு. காணி உறுதிப் பத்திரம் என்ட பேரில. வாப்பாட கையெழுத்த வெச்சி நீங்க யாருக்கு விக்கப் போறீங்க?"

"கட்டைகளக் கொண்டு வந்து வெச்சது நீங்களா?"

"ஓம். வாப்பாட்ட உங்கட வீட்டக் கேட்டு முதல் நாள் வந்தேன். ரெண்டாம் நாள் நான் வரல்ல."

கல்முனையில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் தாளைக் காட்டினேன். நொத்தாரிசு ஒருவர் அத்தாட்சிப்படுத்தாத காணி ஒப்பந்தம் சட்டத்தில் நிற்காது, நிற்காததை எப்படிக் கைமாற்றுவாய் என்று கேட்டார். இப்போது காணிப் பதிவகத்தில் சொந்தக்காரர் பெயரைப் பார்க்காமல் எந்த வளவிலும் கால் வைப்பதில்லை.

கட்டைகள் இன்னும் படலையடியில்தான் கிடக்கின்றன. அடுப்புக்கு எடுக்க வீட்டில் ஒருவரும் துணியவில்லை.